ஆட்டுக்காரி வராத புத்தகம்

மார்ச் 4, புதன்

முட்டைக்காரம்மா வந்தாள். வழக்கம்போல ஒரு டஜன். வழக்கம்போல, "அக்கா இன்னும் வரலையா?"

"மகள் வீட்லதான் இருக்கா."

"அங்கயே தங்கிட்டாங்களா? நல்லா இருக்கே கதை!" கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

என் மனைவி இறந்தது ஜனவரியில். மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னது நான். இறந்த அடுத்த வாரம் முட்டைக்காரம்மா கதவைத் தட்டியபோது என் கையில் போன், மறுமுனையில் அட்டைப்பெட்டி ஆர்டர். சொன்னால் அழுவாள், உட்காருவாள், எப்படி, எப்போ என்று கேட்பாள். அதற்கு அப்போது நேரமில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இப்போது நேரம் இருக்கிறது, வாய்க்குத்தான் வரவில்லை. இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் அவளிடம் வாங்குவதில்லை. எங்கள் ஒரு வீட்டுக்காகத்தான் மூன்று மாடி ஏறுகிறாள். வேறு ஆள் சொல்லியிருக்கவும் வழியில்லை.

யோசித்தால் அவளிடம் மட்டும் இல்லை. யாரிடமுமே நான் என் வாயால் சொன்னதில்லை. சொந்தக்காரர்களுக்கு மகள் போன் செய்தாள். கடையில் மச்சான் சொன்னான். எங்கள் பிளாக்கில் கீழே போர்டில் இரண்டு நாள் எழுதிப் போட்டார்கள். எனக்கு வேலையே வைக்கவில்லை.

ஃப்ரிட்ஜில் முட்டைக்கு இடமில்லை.

மார்ச் 7, சனி

புதிதாக ஒரு பேக்கரிக்காரர் கேக் பெட்டி கேட்டு வந்தார். என் மனைவியின் தம்பிதான் கல்லாவில். விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே மச்சான் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டான். "எங்க அக்கா போயிட்டாங்க சார்" என்று ஒரே அழுகை. வந்தவர் பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"இதைத் தினம் ஒருதடவை செய்யேன்டா, கடை எங்கேயோ போயிடும்" என்றேன்.

"உங்களுக்கு மனசே கல்லு அத்தான்."

இருக்கலாம். பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்கும் அல்லவா, அப்படித்தான் இருக்கிறது எனக்கு. வலி இல்லை. சாப்பாடு இறங்குகிறது. தூக்கமும் வருகிறது. மகள் போனில், "அப்பா, நீங்க ஒருதடவகூட அழலப்பா, பயமா இருக்கு" என்கிறாள். அழுகை என்ன ஆர்டர் கொடுத்தால் வருகிற சரக்கா?

மார்ச் 10, செவ்வாய்

நூலகத்தம்மா கடைக்கு வந்தார். எங்கள் குடியிருப்பில் பக்கத்து பிளாக். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதக் கடைசி ஞாயிறு கீழே பொது அறையில் வாசகர் வட்டம் நடத்துகிறார். புத்தகம் போட்டு வைக்கப் பெட்டி கேட்டுவந்தவர் நான் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்துவிட்டார். பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டார்.

"நீங்க வாசிப்பீங்களா!"

"பழைய பேப்பர் குடோன்ல ஆரம்பிச்சவன்மா. எடைக்கு வந்ததெல்லாம் வாசிச்சிருக்கேன். மருந்துக் கம்பெனி விலைப்பட்டியல்கூட."

"அப்போ அடுத்த மாசம் நீங்கதான் பேசுறீங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரே ஒரு புத்தகம். எல்லாரும் முன்னாடியே படிச்சிட்டு வருவோம், அதனால இப்பவே குடுத்துடணும்."

மறுத்தால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் அனுதாபம் சொல்வார். சரி என்றேன். பெட்டியைச் சும்மாவே கொடுத்தேன். அதுவும் சீக்கிரம் போகட்டும் என்றுதான்.

மார்ச் 11, புதன்

முட்டை. "இன்னுமா?" என்றாள். "இன்னும்தான்" என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

எந்தப் புத்தகம் என்பதில் யோசனையே இல்லை. கேட்காரன் புத்தகம்.

அதற்கு ஒரு பெயர் உண்டு. பக்கங்களின் தலையில் அச்சாகியிருக்கிறது. எங்கள் வீட்டில் அது கேட்காரன் புத்தகம்தான். எழுதியவர் யாரென்று தெரியாது. எனக்கு அது முன்னட்டையும் பின்னட்டையும் இல்லாமல், குடோன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிடைத்தது. பிறகு நானே காலிப்பெட்டியை வெட்டி அட்டை போட்டேன். மேலே இன்னும் 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி இருக்கிறது.

ரயில்வே கேட்டைக் காக்கிற ஒருவன். கேட்டை ஒட்டி ஒரே அறை, அதில் அவனும் மனைவியும். புத்தகம் முழுக்கச் சண்டைதான். உப்பு கூடிவிட்டது, விளக்கை யார் அணைப்பது, பச்சைக்கொடியைத் துவைத்துச் சாயம் போக்கியது யார். ஒரு காலை, ரயிலுக்காக அவன் கேட்டை மூடியிருக்கும்போது உள்ளே அவள் இறந்துபோகிறாள். ரயில் வந்து போய்விடுகிறது. இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன. கத்துகிறார்கள், ஹார்ன் அடிக்கிறார்கள். 'அவன் கேட்டைத் திறக்கவில்லை.' அவ்வளவுதான், புத்தகம் முடிந்தது.

என்ன முடிவு! சரக்கைக் கொடுத்ததும் வாயை மூடிக்கொள்கிற வியாபாரி மாதிரி. கூட்டாளி என்னை நடுத்தெருவில் விட்டுப் போனபோதும், குடோன் தண்ணீரில் மூழ்கியபோதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான். கேட்டைத் திறக்காதே. உள்ளே என்ன கிடக்கிறது என்று ஒருத்தனுக்கும் காட்டாதே.

கல்யாணமான புதிதில் என் மனைவிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். பழைய பேப்பரில் கவர் செய்து கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம். நான் வாசிப்பேன், அவள் ஒட்டுவாள். எனக்கு ஒட்டத் தெரியாது என்றில்லை; நான் வாசித்தால் அவள் கை வேகமாக ஓடியது. கடைசி வரி முடிந்ததும் பசைக்கையோடு நிமிர்ந்து பார்ப்பாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அது எப்படி அவ்வளவுதான்? ரெண்டு பக்கமும் வண்டி நிக்குதே. அதுங்க என்ன பண்ணும்?"

"அது கதைக்கு வெளியே."

"வெளியேன்னா? அதுல யாராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போறவங்க இருந்தா?"

பிறகு எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். வீடு மாறினோம், கவர் ஒட்டுவதை விட்டோம், பெட்டி செய்ய மிஷின் வாங்கினோம். அவள் மட்டும் அந்த இடத்தில் தவறாமல் "அப்புறம்?" என்பாள். நான் தவறாமல் சிரிப்பேன். இவளுக்கு இலக்கியம் வராது என்று நினைத்துக்கொள்வேன்.

மார்ச் 15, ஞாயிறு

புத்தகத்தை நூலகத்தம்மாவிடம் எடுத்துப் போனேன். புரட்டக்கூட இல்லை, பக்கத்தின் தலையில் பெயரைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இது எங்க நூலகத்துலயே இருந்துச்சு! பழைய அறையில கெடக்கும். நான் எடுத்து எல்லாருக்கும் நகல் போட்டுடறேன். உங்களோடத நீங்களே பத்திரமா வெச்சுக்கோங்க, தொட்டாலே உதிருது."

நல்லதாய்ப் போயிற்று. கொடுக்க மனசில்லாமல்தான் கொண்டு போயிருந்தேன்.

மார்ச் 25, புதன்

முட்டை. வாட்ச்மேனுக்குப் பாதி கொடுத்தேன். போன வாரமும் கொடுத்தேன். "சார், டாக்டர் முட்டை சாப்பிடக் கூடாதுன்னுட்டார்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார் பாவம்.

ஏப்ரல் 3, வெள்ளி

நகல் வந்துவிட்டதாம். எனக்கும் ஒன்று நீட்டினார் நூலகத்தம்மா.

"எதுக்கும்மா, என்கிட்ட அசலே இருக்கே."

ஏப்ரல் 12, ஞாயிறு

மகள் வந்திருந்தாள். அம்மாவின் புடவைகளை எடுத்து வைக்கலாமா என்றாள். அடுத்த தடவை என்றேன். "ஏம்பா?" என்றாள். எனக்கே தெரிந்தால் அல்லவா சொல்ல.

ஃப்ரிட்ஜைத் திறந்தவள், "இவ்வளவு முட்டையா! யாருக்குப்பா?" என்றாள். விலை மலிவு, அதான் வாங்கிப் போட்டேன் என்றேன். என்னைப் பற்றித் தெரிந்தவள், நம்பிவிட்டாள்.

ஏப்ரல் 15, புதன்

முட்டைக்காரம்மா இன்று உடனே போகவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உண்மையச் சொல்லுங்கய்யா. அக்கா கோவிச்சுக்கிட்டுத்தானே போனாங்க?"

நான் முட்டைக்காசை எண்ணினேன்.

"அதான பாத்தேன். என்ன சொன்னீங்க அவங்கள? அக்கா லேசுல கோவப்படற ஆளில்லையே. உடைஞ்ச முட்டையக்கூட, சரி விடு, ஆம்லெட் போட்டுக்கறேன்னு வாங்கிக்கிட்டவங்க." குரலைத் தாழ்த்தினாள். "ஆம்பளைங்களுக்கு எறங்கிப் போறதுக்கு என்ன கேடு? நீங்க போய் ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்துடுவாங்க."

"பாக்கறேன்" என்றேன்.

ஏன் சிரிப்பு வந்தது? வந்தது. உதடு வரை வந்து நின்றுவிட்டது.

ஏப்ரல் 26, ஞாயிறு

இதை எழுதாமல் விட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன். நடந்தபடியே எழுதுகிறேன்.

பொது அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், கேரம் போர்டை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆள் ஒரு பத்துப் பதினைந்து இருக்கும். முன்வரிசையில் எதிர் பிளாக் பல் டாக்டரும் அவருடைய மாமியாரும். எல்லார் மடியிலும் நகல்.

நன்றாகத்தான் பேசினேன். வாழ்நாள் முழுக்கச் சரக்கைப் புகழ்ந்தே பிழைத்தவன், பேச்சுக்கென்ன. உப்புச் சண்டையைச் சொன்னபோது சிரித்தார்கள். அவள் இறக்கிற இடத்தைச் சொன்னபோது ஃபேன் சத்தம் கேட்டது. பிறகு முடிவுக்கு வந்தேன்.

"ரயில் போயாச்சு. எல்லாரும் கத்துறாங்க. அவன் கேட்டைத் திறக்கல. அதோட நிறுத்தினார் பாருங்க, அங்கதான் அவர் பெரிய ஆளு. ஒரு வார்த்தை கூடுதலா இல்ல."

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். தட்டவில்லை. காகிதம் புரளும் சத்தம்தான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வாங்க வந்தவன் சரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது வருகிற சத்தம்.

பல் டாக்டர், "சார், முடிவுன்னு நீங்க எதைச் சொல்றீங்க?" என்றார்.

"அதான் சொன்னேனே. கேட்டைத் திறக்கல."

"அப்போ ஆட்டுக்காரி?" என்றார் அவருடைய மாமியார்.

"எந்த ஆட்டுக்காரி?"

நூலகத்தம்மா சட்டென்று எழுந்து, "டீ ஆறிடும், குடிச்சிட்டுப் பேசுவோமா?" என்றார். டீ இன்னும் வந்திருக்கவே இல்லை.

மாமியார் விடவில்லை. "என்ன சார் இது, அந்த ஆட்டுக்காரிக்காகத்தான் நான் ரெண்டு தடவ படிச்சேன். நீங்க அவளையே விட்டுட்டீங்களே."

"அத்தை, சும்மா இருங்களேன்" என்றார் டாக்டர்.

நூலகத்தம்மா என் கையிலிருந்து புத்தகத்தை மெதுவாக வாங்கினார். பின்பக்கம் திருப்பினார். நான் போட்ட பெட்டி அட்டையை விலக்கி, முதுகில் தையல் இருக்கும் இடத்தில் விரலை ஓட்டினார். ஆஸ்பத்திரியில் நோயாளியின் வீட்டு ஆட்களிடம் பேசுவார்களே, அந்தக் குரலில் சொன்னார்: "கடைசி பாரம் இல்லீங்க. பதினாறு பக்கம்."

தன் நகலிலிருந்து அந்தப் பக்கங்களை உருவி, மடித்து, என் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தார்.

டீ வந்தது. குடித்தேன். சர்க்கரை அதிகம்.

ஏப்ரல் 27, திங்கள்

பாரம் என்றால் ஒன்றாக அச்சடித்து மடித்துத் தைக்கிற பதினாறு பக்கம் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேப்பர்தான் எனக்குச் சோறு போட்டது. புத்தகம் எடைக்கு வந்தால் முதல் வேலை அட்டையைப் பிய்ப்பது. அட்டைக்கு ஒரு விலை, வெள்ளைத்தாளுக்கு ஒரு விலை. கலந்தால் மில்லில் எடுக்க மாட்டான். பின்னட்டையை இறுகப் பிடித்து ஒரே இழுப்பு. நன்றாகப் பசை போட்ட புத்தகமாயிருந்தால் கடைசி பாரமும் அட்டையோடேயே வந்துவிடும். அதைத் தனியாகப் பிரிக்க யாருக்குப் பொறுமை? அப்படியே அட்டைக் குவியலில் எறிவோம். அந்த குடோனில் பிய்க்கிற வேலை என்னுடையது.

ஊரார் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் கடைசி பாரம் போயிருக்கும் என்று தெரியும். இதற்குப் போயிருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லையே! பக்கத்தின் கடைசியில் முற்றுப்புள்ளி இருந்தது. அதில் ஏமாந்தேன். வாக்கியம் நடுவில் அறுந்திருந்தால் தேடியிருப்பேன். பாதிப் பக்கத்தில் முடிந்திருந்தால்கூட... இல்லை. அழகாக, அடிவரியில், முற்றுப்புள்ளியோடு.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "அப்புறம்?" என்று கேட்டாள், அவ்வளவுதான். பதில் அட்டையோடு போயிருந்தது.

மடித்த காகிதம் மேஜையில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

ஏப்ரல் 29, புதன்

"போய்க் கூப்பிட்டீங்களா?"

"இல்ல."

"உங்களால ஆகாது. நானே போறேன். வர்ற ஞாயித்துக்கெழம எனக்கு வேலை கெடையாது. மகள் வீட்டு அட்ரஸ் எழுதி வைங்க, அடுத்த வாரம் வாங்கிக்கறேன். பஸ் ஏறிப் போயி கையோட கூட்டிட்டு வந்து விடுறேன். நான் கூப்பிட்டா அக்கா தட்ட மாட்டாங்க."

பஸ் செலவுக்கு என்று பணம் நீட்டினேன். ஏன் நீட்டினேன்? பைத்தியமா எனக்கு?

"அதெல்லாம் வேணாம்" என்று கோபமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மே 4, திங்கள்

கடையில், மத்தியானம், மச்சான் சாப்பிடப் போயிருந்தபோது வாசித்தேன்.

அவன் கேட்டைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஆட்டுக்காரி கட்டைக்கு அடியில் குனிந்து உள்ளே வருகிறாள். ரயில்தான் போயிடுச்சே, எதுக்கு மூடி வெச்சிருக்கே என்கிறாள். செவிடா நீ என்கிறாள். இரண்டு ஆடுகள் அவன் கொடியைத் தின்ன ஆரம்பிக்கின்றன. அவற்றை விரட்டிக்கொண்டே அவன் சொல்லிவிடுகிறான், என் பெண்டாட்டி செத்துட்டா, உள்ளே இருக்கா. ஆட்டுக்காரி அறைக்குள் எட்டிப் பார்க்கிறாள். வெளியே வந்து இரண்டு பக்கமும் நிற்கிற வண்டிகளைப் பார்க்கிறாள். பிறகு சொல்கிறாள்: "சரி. அழுதுகிட்டே தெற."

திறக்கிறான். மீதிப் பக்கங்களில் வண்டிகள் போகின்றன. யார் யார், என்ன வண்டி, என்ன ஏற்றியிருக்கிறது — அவ்வளவையும் எழுதியிருக்கிறார். ஒரு வண்டியில் பிரசவ வலியோடு ஒருத்தி.

அவள் கேட்டாளே. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க இருந்தா என்று.

வாசித்தேன். மடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. லோடு வந்தது, இறக்கினோம். முடிவு கொஞ்சம் இழுவை என்றுகூடத் தோன்றியது. நான் எழுதியிருந்தால் ஆட்டோடு நிறுத்தியிருப்பேன்.

மே 5, செவ்வாய்

கடையிலிருந்து திரும்பும்போது பசை வாங்கி வந்து அந்தப் பதினாறு பக்கத்தையும் புத்தகத்தில் ஒட்டினேன். கோணல். அவள் ஒட்டியிருந்தால் நேராக இருந்திருக்கும்.

மே 6, புதன்

காலையில் வந்தாள். கூடையை வைக்கும்போதே, "அட்ரஸ்?"

"அவ இல்லம்மா."

"இல்லேன்னுதான் தெரியுதே. அதுக்குத்தானே போறேங்கறேன்."

"செத்துப்போயிட்டா. ஜனவரியில."

சொல்லிவிட்டேன். என் குரல்தான். கொஞ்சம் அதட்டுகிற மாதிரி வந்துவிட்டது, கடன் கேட்டு வந்தவனை விரட்டுகிற மாதிரி.

அவள் என்னையே பார்த்தாள். முதலில் கோபம்தான் வந்தது அவளுக்கு. "அப்போ நான் வாரா வாரம் கேட்டனே? கேட்டனேய்யா! இத்தனை முட்டையும் யாருக்கு வாங்கினீங்க?"

அவள் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பெரிதாக அழுதாள். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. "உடைஞ்சதையும் வாங்கிக்குவாங்களே, உடைஞ்சதையும் வாங்கிக்குவாங்களே" என்று அதையே சொன்னாள். என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"பாத்திரத்தக் கொண்டாங்க" என்றாள்.

கொண்டுபோய் நீட்டினேன். விசும்பிக்கொண்டே எண்ணி வைக்க ஆரம்பித்தாள். ஒண்ணு. ரெண்டு. எண்ணிக்கை என்றால் நானும் கூடவே எண்ணுவது வழக்கம், கை வழக்கம். நாலு வரைக்கும் எண்ணினேன். அதற்குப் பிறகு பாத்திரம் சரியாகத் தெரியவில்லை.

"ஆறு" என்று சொல்லிவிட்டுக் கூடையை மூடினாள். "ஒருத்தருக்கு இது போதும்."

அவள் போனபிறகு உள்ளே வந்து, முகம் கழுவி, எண்ணிப் பார்த்தேன். ஏழு இருந்தது.